சார்லி எந்தக் கப்பலில் வந்தார்?

அமெரிக்காவில் உள்ள இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களோடு பேசினால் இரண்டு கதைகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். "எங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயரை எல்லிஸ் தீவில் அதிகாரி மாற்றி எழுதிவிட்டார்" என்பது ஒன்று (எல்லிஸ் தீவு, நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட இடம்). "நாங்கள் நேப்பிள்ஸ்காரர்கள்" என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு பழைய கப்பல் பட்டியல்களில் தேடப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பட்டியலில் ஆள் இருப்பார். இவர்கள் தேடும் பெயரில் இருக்க மாட்டார், இவர்கள் தேடும் ஊரிலும் இருக்க மாட்டார். டீயை ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள், அவரை எப்படிப் பிடிப்பது என்று நிதானமாகச் சொல்கிறேன்.

பேச வசதியாக ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். நியூயார்க்கில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த சார்லி ஒயிட். மனைவி பெயர் அக்கூர்சியா. 1910 வாக்கில் இத்தாலியிலிருந்து வந்தார்கள் என்று பேத்தி சொல்கிறாள். கையில் இருப்பது இவ்வளவுதான்.

முதலில் அந்தப் பெயர் மாற்றிய கதை. 1974இல் வந்த 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். எல்லிஸ் தீவில் நிற்கும் சிறுவன் வீட்டோவின் ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிடுவார் அதிகாரி. அருமையான காட்சிதான், ஆனால் அங்கே வேலை நடந்த விதம் வேறு. பட்டியலை எழுதியது கப்பல் கம்பெனியின் குமாஸ்தா. எழுதிய இடம் நேப்பிள்ஸ், பலெர்மோ, ஜெனோவா என்று கப்பல் புறப்படும் துறைமுகம். அதாவது இத்தாலியப் பெயர்களைக் கேட்டுப் பழகிய காது, எழுதிப் பழகிய கை. அமெரிக்க அதிகாரி அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, அதே கேள்விகளை மறுபடி கேட்டுச் சரிபார்ப்பார். ஒரு தாளுக்கு முப்பது பேர். பயணியின் சட்டையில் குத்தியிருக்கும் சீட்டில் தாளின் எண்ணும் வரியின் எண்ணும் இருக்கும். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் உண்டு. பிற்பாடு நியூயார்க்கின் மேயரான ஃபியோரெல்லோ லா கார்டியா 1907 முதல் 1910 வரை அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்தான். புதுப் பெயர் சூட்ட அந்த அதிகாரிக்கு நேரமும் கிடையாது, காரணமும் கிடையாது. 1907இல் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தீவு வழியாக உள்ளே போனார்கள்.

அப்படியானால் ஒயிட் எங்கிருந்து வந்தது? அவரே வைத்துக்கொண்டிருப்பார். இல்லை, வேலைத்தலத்தில் மேஸ்திரி வாய்க்கு வந்தபடி கூப்பிட்டதாக இருக்கும். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதியதாக இருக்கும். குடியுரிமை வாங்கும்போது நீதிமன்றத்திலேயே பெயரை மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. பியாங்கோ என்றால் வெள்ளை. ஆகவே ஒயிட்டின் பின்னால் ஒரு பியாங்கோவோ லோ பியாங்கோவோ இருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

சார்லி என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. குடியேறிய இத்தாலியர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டதில் ஒரு வழக்கம் தெரியும். சால்வதோரே போய் சாம் ஆவார், வின்சென்சோ போய் ஜேம்ஸ் ஆவார், கொன்செத்தா கானி ஆவாள். சிசிலியின் கலோஜெரோ பல வீடுகளில் சார்லி ஆனார். கலோஜெரோ ஒரு புனிதரின் பெயர். தென்மேற்கு சிசிலியில் தெருவுக்கு நாலு பேராவது அந்தப் பெயரில் இருப்பார்கள். அக்கூர்சியா இன்னும் நல்ல தடயம், ஏனென்றால் அது அங்குள்ள ஷாக்கா என்ற கடலோர ஊரில் புழங்கும் பெயர். நேப்பிள்ஸ்காரர் வீட்டில் கலோஜெரோவும் அக்கூர்சியாவும் ஜோடியாக அமைவது அபூர்வம். நேப்பிள்ஸ் என்பது அவர்கள் கப்பல் ஏறிய துறைமுகமாக இருக்கும். இரண்டு தலைமுறை கடந்ததும் துறைமுகம் சொந்த ஊராகிவிட்டது.

இனி நேரே பட்டியலுக்குள் குதிக்கத் தோன்றும். குதிக்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து பின்னோக்கி நடப்பதுதான் பிழைக்கும் வழி. 1900, 1910, 1920, 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் ஒவ்வொரு வெளிநாட்டவரிடமும் எந்த ஆண்டு வந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். பதில்கள் ஒன்றோடொன்று முரண்படும். 1910இல் ஓர் ஆண்டும் 1920இல் வேறோர் ஆண்டும் சொல்லியிருப்பார். கவலைப்படாதீர்கள், ஒரு சுற்றுவட்டம் கிடைத்தால் போதும். அதைவிட வலுவானது குடியுரிமை மனு. 1906இல் வந்த சட்டத்துக்குப் பின் எழுதப்பட்ட மனுக்களில் வந்த கப்பலின் பெயரும் தேதியும் இருக்கும், அரசு அதைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கும். முதல் உலகப் போரின் ராணுவப் பதிவு அட்டை, கல்லறைக் கல் என்று மற்றவையும் உண்டு. எனக்குப் பிடித்தது இத்தாலியக் குடியேறிகளின் தேவாலயத் திருமணப் பதிவேடு. அங்கே இருந்த பாதிரியாருக்குப் பெரும்பாலும் இத்தாலிய மொழி தெரியும், மணமக்களின் ஊரையும் தாய்மாரின் பிறந்த வீட்டுப் பெயரையும் ஒழுங்காக எழுதியிருப்பார்.

எல்லிஸ் தீவுப் பட்டியல்களை 2001 ஏப்ரலில் கணினியில் தேடும்படி வெளியிட்டார்கள். மைக்ரோஃபிலிமைப் பார்த்துப் பெயர்களைப் படியெடுத்தவர்கள் மார்மன் சபையின் தொண்டர்கள், ஏறத்தாழ 12,000 பேர். மகத்தான உழைப்பு, ஆனால் அவர்களில் பலருக்கு இத்தாலியக் கையெழுத்து பழக்கமில்லை. எஸ் எல் ஆகியிருக்கும், யூ என் ஆகியிருக்கும், லோ பியாங்கோ ஒட்டி எழுதப்பட்டதாலோ பிரித்து எழுதப்பட்டதாலோ அகரவரிசையில் வேறு மூலைக்குப் போயிருக்கும். பெயர் சிதைந்தது பெரும்பாலும் இங்கேதான், கப்பல் வந்து தொண்ணூறு ஆண்டுகள் கழித்து. ஆகவே முழுப் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. பெயரின் முதல் இரண்டெழுத்து, வயது, ஊர், வந்த ஆண்டு என்று பல பக்கத்திலிருந்து வளைக்க வேண்டும். இப்படித் தேடுவதற்கென்றே ஒரு கருவியை எழுதிக் கொடுத்தவர் ஸ்டீபன் மோர்ஸ். யார் என்று கேட்கிறீர்களா? இன்டெல் 8086 சில்லை வடிவமைத்தவர். நம் பொறியியல் கல்லூரிகளில் அந்தச் சில்லின் படத்தை மனப்பாடமாக வரைந்து மதிப்பெண் வாங்கிய தலைமுறைகள் எத்தனை! அவர்களுக்கு அவரிடம் என்ன மனத்தாங்கல் இருந்தாலும் வம்சம் தேடுகிறவர்கள் அவரை வாழ்த்துகிறார்கள்.

சரி, தாள் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைப் படிக்கும் விதத்தில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. அந்தத் தாள் யாருடைய வாழ்க்கையையும் சொல்வதற்காக எழுதப்பட்டதில்லை. அந்தந்த ஆண்டு அமெரிக்கச் சட்டம் யாரைத் திருப்பி அனுப்ப நினைத்ததோ அவர்களைச் சலித்தெடுக்கும் கேள்விகள்தான் அதில் உள்ள கட்டங்கள். பயணிகள் பட்டியலை ஒப்படைக்க வேண்டும் என்று 1819இல் சட்டம் வந்தபோது பெயர், வயது, ஆணா பெண்ணா, தொழில், எந்த நாடு என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். உங்கள் ஆள் 1880களில் வந்தவர் என்றால் ஊர்ப் பெயரை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். இத்தாலி என்று ஒரு சொல் இருக்கும், அவ்வளவே. 1893 சட்டம் கட்டங்களைப் பெருக்கியது. எழுதப் படிக்கத் தெரியுமா, கடைசியாகக் குடியிருந்த இடம் எது, பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார், கையில் எவ்வளவு பணம், முன்பு அமெரிக்கா வந்ததுண்டா, யாரிடம் போகிறாய், அவர் முகவரி என்ன, சிறையில் இருந்தாயா, பல தாரம் உண்டா. 1907 முதல் இன்னும் கூடியது. சொந்த நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் ஊரும், பிறந்த ஊர், உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், அடையாளத் தழும்பு எல்லாம் வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்காததால் தாள் இரண்டு பக்கமாக நீண்டது. கணினித் திரையில் இடப்பக்கம் மட்டும் வரும், அடுத்த படத்துக்குப் போனால்தான் வலப்பக்கம். முதல் பக்கத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, பிறந்த ஊரும் போய்ச் சேர்ந்த முகவரியும் இருக்கும் இரண்டாம் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம்.

கேள்வியின் நோக்கம் தெரிந்தால் பதிலை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். வேலை ஏற்பாடு செய்துகொண்டு வருகிறாயா என்று ஒரு கட்டம். எல்லோரும் இல்லை என்பார்கள். உண்மையில் பலருக்கு மாமனோ மச்சானோ வேலை பார்த்து வைத்திருப்பார்கள். ஆனால் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு வரும் கூலியாட்களைத் தடுக்கும் சட்டம் 1885இலிருந்து இருந்தது, ஆமாம் என்றால் அடுத்த கப்பலில் திரும்ப வேண்டியதுதான். கையிருப்புப் பணமும் அப்படித்தான். 1909இல் எல்லிஸ் தீவின் ஆணையர் வில்லியம் வில்லியம்ஸ் வந்திறங்குகிறவர் பொதுவாக 25 டாலராவது வைத்திருக்க வேண்டும் என்று அறிவித்தார். அதற்குப் பிந்தைய தாளில் 25 என்ற எண்ணைக் கண்டு, தாத்தா இவ்வளவு சேர்த்துக்கொண்டு வந்தார் என்று உருக வேண்டாம். அது நுழைவுக்குத் தேவைப்பட்ட தொகை. 'இனம்' என்ற கட்டத்தில் வட இத்தாலியர், தென் இத்தாலியர் என்று பிரித்து எழுதியிருப்பதும் அமெரிக்கக் குடியேற்றத் துறை வகுத்த பிரிவு. ஷாக்காவிலிருந்து வந்தவர் தன்னைத் தென் இத்தாலியர் என்று சொல்லிக்கொண்டதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு பட்டியல் நம்மவர்களுடையது. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனதிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் பதிவுகளில் தந்தை பெயர், சாதி, ஜில்லா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் முதல் கப்பல்களிலேயே வந்துவிடுகின்றன. அங்கே ஒப்பந்தம் இருந்தால்தான் கப்பலில் இடம். ஆள் ஓடிப்போனால் பிடித்துவர அடையாளம் வேண்டும். நியூயார்க்கில் ஒப்பந்தம் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். நேட்டாலுக்குப் போன ஒருவரின் கொள்ளுப்பேத்திக்குக் கிராமத்தின் பெயர் கிடைப்பதும், அதே காலத்தில் அமெரிக்கா போன இத்தாலியரின் கொள்ளுப்பேத்திக்குக் கிடைக்காமல் போவதும் இப்படித்தான்.

அக்கூர்சியாவைத் தேடுவோம். ஒயிட் என்றும் லோ பியாங்கோ என்றும் தேடினால் கிடைக்க மாட்டாள். இத்தாலியில் கல்யாணமான பெண்ணும் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பாள். பட்டியலில் அவள் அப்பா வீட்டுப் பெயரில் ஒரு வரி, அதன் கீழே பிள்ளைகள் தகப்பன் பெயரில் வேறு வரிகள். ஆகவே முதலில் பிள்ளையைத் தேடுங்கள், பிள்ளைக்கு மேலே தாய் இருப்பாள். அவள் கணவனுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வந்திருப்பாள் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆண்கள் முதலில் வந்து, சம்பாதித்து, ஊர் திரும்பி, மறுபடி வந்து, அப்புறம்தான் குடும்பத்தை அழைத்தார்கள். அந்தக் காலத்தில் வந்த இத்தாலியரில் ஏறக்குறைய பாதிப் பேர் எப்போதாவது ஊர் திரும்பியவர்கள். கலோஜெரோ இரண்டு முறை பட்டியலில் வந்தால் அது இரண்டு கலோஜெரோக்கள் என்று அவசரப்பட வேண்டாம். முன்பு வந்ததுண்டா என்ற கட்டத்தில் ஆண்டும் ஊரும் எழுதியிருக்கும்.

அவள் பெயரின் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி இருந்தால் விடாதீர்கள். நிறுத்திவைக்கப்பட்டவள் என்று பொருள். தனியாகவோ பிள்ளைகளோடோ வந்த பெண்ணைக் கணவனோ நெருங்கிய ஆண் உறவினரோ வந்து அழைத்துப்போகும்வரை தீவிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கப்பலின் பட்டியல் முடியும் இடத்தில், பல பக்கங்கள் தள்ளி, நிறுத்திவைக்கப்பட்டவர்களின் தாள் தனியாக இருக்கும். ஏன் நிறுத்தினார்கள், யார் வந்து அழைத்தார், எந்த முகவரி, எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று அதில் காணலாம். காலை உணவு எத்தனை, மதியம் எத்தனை, இரவு எத்தனை என்றும் கட்டங்கள் உண்டு, ஏனென்றால் செலவு கப்பல் கம்பெனியின் தலையில். கணவரின் நியூயார்க் முகவரிக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. சிறப்பு விசாரணைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு இன்னொரு தாள். மொத்தத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான்.

பெயரின் மேல் கோடு கிழித்திருந்தால் அநேகமாக ஆள் அந்தக் கப்பலில் ஏறவில்லை. அடுத்த சில வாரங்களில் வந்த கப்பல்களைப் பாருங்கள். தொழில் கட்டத்தின் அருகே பிற்காலக் கையெழுத்தில் எண்களும் ஒரு தேதியும் கிறுக்கியிருந்தால் அது பல ஆண்டுகள் கழித்து, அவர் குடியுரிமை கேட்டபோது, எழுத்தர் இதே தாளை எடுத்துச் சரிபார்த்ததன் குறிப்பு. குடியுரிமை கிடைத்த தேதியை நெருங்க உதவும் அந்தக் குறிப்புக்குப் பணமதிப்பே இருந்தது எனலாம். 1912 இத்தாலியச் சட்டப்படி, முன்னோர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கும் முன்பே பிள்ளை பிறந்திருந்தால் இத்தாலியக் குடியுரிமை வழிவழியாக இறங்கிவரும் என்று காட்ட முடிந்தது, ஐரோப்பியக் கடவுச்சீட்டு கேட்டவர்கள் அந்த ஒரு தேதிக்காக வருடக்கணக்கில் அலைந்தார்கள். 2025இல் இத்தாலி இதை இறுக்கிவிட்டது. இப்போது பொதுவாகப் பெற்றோர், தாத்தா பாட்டி வரைக்கும்தான்.

நியூயார்க்கிலேயே தேடித் தேடி அலுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சிசிலியின் எலுமிச்சையை ஏற்றி வந்த கப்பல்களின் வழி நியூ ஆர்லியன்ஸ் போனவர்கள் உண்டு, பாஸ்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் இறங்கியவர்கள் உண்டு. முதலில் புவெனஸ் ஐரிசுக்குப் போய்ச் சில வருடம் கழித்து வடக்கே வந்தவர்களும் உண்டு. பிரேசிலுக்குப் போனவர்களின் பதிவு வேறு விதம். 1888இல் அடிமை முறை ஒழிந்ததும் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது, சாவோ பாவ்லோ அரசு குடும்பம் குடும்பமாகப் பயணச்செலவு கொடுத்து வரவழைத்தது. அதனால் அங்குள்ள குடியேறிகள் விடுதியின் பதிவேட்டில் தாய், தகப்பன், பிள்ளைகள், பாட்டி எல்லாரும் ஒரே இடத்தில் வரிசையாகக் கிடைப்பார்கள். தேடுகிறவருக்கு அது யோகம்.

நம் கற்பனைச் சார்லியின், அதாவது கலோஜெரோவின், 1909ஆம் ஆண்டுத் தாளுக்கு வருவோம். கடைசியாகக் குடியிருந்த இடம் ஷாக்கா, மாகாணம் ஜிர்ஜெந்தி என்று இருக்கிறது. ஜிர்ஜெந்தியை இன்றைய வரைபடத்தில் தேட வேண்டாம், 1927இல் அது அக்ரிஜெந்தோ ஆகிவிட்டது. போய்ச் சேரும் இடம் எலிசபெத் தெரு, மைத்துனன் வீடு. மான்ஹாட்டனின் அந்தத் தெருவில் நெருக்கியடித்து இருந்தவர்கள் சிசிலிக்காரர்கள். இப்போது அவர் பெயருக்கு மேலும் கீழும் உள்ள பெயர்களைப் படியுங்கள். அதே ஊர், அதே தெரு என்று நாலைந்து பேர் வருவார்கள். அவர்களில் சித்தப்பாவோ, பிற்காலச் சம்பந்தியோ இருக்க வாய்ப்புண்டு. கப்பல் பெயரை விட இந்தச் சுற்றம் அதிகம் உதவும்.

ஊர் கிடைத்துவிட்டால் இத்தாலியில் கதவு அகலத் திறக்கும். அங்கே பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் எல்லாம் ஊர் வாரியாக இருப்பவை. சிசிலியில் 1820 முதல் எழுதப்பட்டவை, இத்தாலி முழுக்க ஒரே முறையாக 1866 முதல். அரசு ஆவணக் காப்பகங்கள் இவற்றின் படங்களை 'அந்தெனாத்தி' என்ற தளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர், வயது, தொழில், தெரு, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் வரும். ஆண் பிள்ளையாக இருந்தால் இருபது வயது வாக்கில் ராணுவப் பதிவேட்டிலும் இருப்பான், அமெரிக்கா போய்விட்டதால் ஆஜராகவில்லை என்ற குறிப்போடு.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கம் நம்மைப் போலவே சிசிலியிலும் உண்டு, நம்மைவிடக் கறாராக. மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், அடுத்தவனுக்குத் தாயின் தகப்பன் பெயர். கலோஜெரோ என்றொரு தாத்தாவுக்கு ஐந்து மகன்கள் என்றால் ஊரில் ஐந்து கலோஜெரோ லோ பியாங்கோக்கள், வயதில் ஓரிரண்டு வருட வித்தியாசத்தில். ஷாக்கா பதிவேட்டில் 1884இல் ஒருவரும் 1885இல் ஒருவரும் பிறந்திருந்தால் நம் சார்லி யார்?

வயதை வைத்து முடிவு செய்ய முடியாது, 1909 தாளில் 24 என்றிருந்தால் இருவருக்கும் பொருந்தும். தகப்பன் பெயர்தான் தீர்ப்பு சொல்லும். அந்தத் தாளில் சொந்த நாட்டில் உள்ள நெருங்கிய உறவினர் கட்டத்தில் 'தகப்பன் ஜுசெப்பே, ஷாக்கா' என்று எழுதியிருக்கிறது. 1884இல் பிறந்தவனின் தகப்பன் அந்தோனியோ. 1885இல் பிறந்தவனின் தகப்பன் ஜுசெப்பே. அத்தோடு விடாமல் 1885 பதிவின் ஓரத்தைப் பாருங்கள். பிற்காலத்தில் நடந்த திருமணத்தை அங்கே ஓரக்குறிப்பாக எழுதிவைப்பார்கள். அக்கூர்சியாவின் பெயர் அங்கே இருந்தால் கப்பலில் வந்தவர் இவர்தான்.